எண்ணெய் மைனாவும் ஆறு நாளும்

முதல் நாள், சனி. வேலூர்க் கோட்டை

மாமா விடியற்காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஊரான அந்தமானின் போர்ட் பிளேரில் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இன்னும் கொஞ்ச நேரத்தில் கிழக்கு வெளுத்துவிடும். நமக்கும் அவர்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் சூரியன் அங்கே கிட்டத்தட்ட 55 நிமிஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. அறுபத்தொரு வருஷப் பழக்கத்தை ஒரு வாரத்துக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாத்தா 1960களின் தொடக்கத்தில் குடியாத்தத்திலிருந்து கிளம்பி, சென்னையில் கப்பலேறி, மூணு நாள் வாந்தி எடுத்துக்கொண்டே போய், சாத்தம் மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். 1883இல் ஆரம்பித்த மில் அது. அம்மாவை இங்கே தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார், மாமா அங்கே பிறந்தார். அதனால் அம்மா பேசுவது இன்றைய வேலூர்த் தமிழ், மாமா பேசுவது அந்தக் காலத்துக் குடியாத்தத் தமிழும் நடுநடுவே இந்தியும். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடையில் சென்னையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு இப்போது மறுபரிசோதனைக்கு அத்தையோடு வந்திருக்கிறார். நேற்றுப் பார்த்த டாக்டர் வியாழக்கிழமை காலை இன்னொரு முறை வரச் சொன்னார். நடுவில் ஐந்து நாள். நானும் லீவு போட்டுவிட்டேன், தினமும் ராத்திரி எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

ஆறரைக்குக் கோட்டைக்குப் போனோம். அகழியை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது மாமா திடீரென்று என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"மாப்ள, இங்க பாரு. எங்க வீட்டு எண்ணெய் மைனா!"

அரசமரத்தில் கருகருவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. பளபளப்பு இருந்தது. கண் ரத்தச் சிவப்பு. நான் பைனாகுலரை எடுப்பதற்குள் அதுவே வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லிவிட்டது. குயில். ஆண் குயில்.

மாமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குயில் அவர் ஊரிலும் உண்டு. "கண்ணு அதே கண்ணுடா, அதான் ஏமாந்துட்டேன்" என்றார்.

எண்ணெய் மைனா என்பது அவர்கள் வீட்டில் வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலத்தில் ஏஷியன் கிளாஸி ஸ்டார்லிங் என்பார்கள், மலேசியாவில் பெர்லிங். அறிவியல் பெயர் அப்லோனிஸ் பனயென்சிஸ், பிலிப்பைன்ஸின் பனய் தீவை வைத்து வந்த பெயர். மைனா சாதிதான், ஆனால் நம்மூர் மைனாவைவிடச் சிறியது, சுமார் 20 சென்டிமீட்டர், ஒரு ஜாணுக்கும் கொஞ்சம் குறைவு. உடம்பு முழுக்கக் கறுப்பில் பச்சை ஓடும், எண்ணெயில் முக்கி எடுத்தது மாதிரி. இந்தியாவில் வடகிழக்கிலும் அந்தமான் நிக்கோபாரிலும் மட்டும்தான் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே மியான்மர், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரைக்கும். காட்டோரம், அலையாத்திக் காடு, தென்னந்தோப்பு, ஊருக்குள்ளே மாடிவீட்டு இடுக்கு, எங்கேயும் வாழும். வேலூரில் கிடையாது. இதை மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றார்.

குயில் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பறவையியலில் பாடும் பறவைகள் என்று ஒரு பெரிய பிரிவு. மூச்சுக்குழாயின் அடியில் இருக்கும் குரல் உறுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை ஒட்டிய பிரிவு அது. மைனா அதில் உண்டு, கரிச்சான் உண்டு, சிட்டுக்குருவி உண்டு. காக்கை உண்டு! நம்மூர்க் கவிஞர்கள் அத்தனை பேரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய குயில் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. குயில் முட்டையை அடைகாத்து வளர்க்கிற காக்கைதான் முறைப்படி பாடகர். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் அகழியோரம் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கோட்டைக்குள் கண்டி ராஜாவைப் பற்றிச் சொன்னேன். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கனைப் பிடித்து வந்து இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார், சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது. மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தீவுல இருக்கறவரைக் கொண்டாந்து இங்க அடைச்சான், இங்க இருக்கறவனைக் கொண்டு போய் எங்க தீவுல அடைச்சான். வெள்ளைக்காரனுக்குக் கப்பல் சும்மா நின்னா பொறுக்காது போல" என்றார். அந்தமானில் வாழும் எண்ணெய் மைனாவின் உள்ளினத்துக்கே அப்படி ஓர் அதிகாரியின் பெயர்தான்: டைட்லர். 1862 முதல் 1864 வரை போர்ட் பிளேர் கைதிகள் குடியிருப்புக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர். பறவை ஆசை உள்ளவர். அவர் மனைவி ஹாரியட்டின் பெயரில் ஒரு மலையே இருந்தது, 2021இல்தான் மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றினார்கள்.

குயில் பற்றி மாமாவின் தீர்ப்பு: கண் சரி, மற்றது தப்பு.

இரண்டாம் நாள், ஞாயிறு. பள்ளிகொண்டா, குடியாத்தம்

காலையில் பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்தி, பாலாற்றுப் பாலத்தின் ஓரமாக நின்றோம். மணல், முள்செடி, நடுவில் ஒரு கோடு மாதிரி தண்ணீர். மாமா இதுதான் ஆறா என்று கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. 2021 நவம்பரில் இரண்டு கரையும் முட்டிக்கொண்டு ஓடியது என்று நானாகவே சொன்னேன். நம் ஆற்றை நாம் விட்டுக்கொடுக்க முடியுமா.

மணலில் நாலைந்து மைனாக்கள் நடந்துகொண்டிருந்தன. நம்மூர் நாகணவாய்தான், மஞ்சள் மூக்கு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ரெவின்யூ ஆபீஸர் நடை. "இது எங்க ஊர்லயும் இருக்குது, ஆனா எங்க ஊர்து இல்ல" என்றார் மாமா. சரிதான். அந்தமானில் மைனா இயற்கையாக இருந்ததில்லை, வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டு போய் விட்டது அங்கே பெருகிவிட்டது. "எங்கப்பா மாதிரி" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

எண்ணெய் மைனா இப்படித் தரையில் இறங்கி நடப்பது அபூர்வம். மரத்திலேயே பிழைப்பு. பழம், பூச்சி. மாமா வீட்டுப் பப்பாளி மரத்தில் முதல் பழம் பழுத்த அன்று அத்தைக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுமாம். அத்தை பின்சீட்டிலிருந்து, "முதல் பழமா? ஒரு பழம்கூட எனக்கு முழுசா வந்ததில்ல" என்றார்.

பாலத்தின் மேல் நின்றுகொண்டு மாமா சொன்ன கதையைத்தான் இன்றைக்கு முக்கியமாக எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26. போர்ட் பிளேர் பக்கத்தில் சிப்பிகாட் என்று ஓர் இடம், நெல் வயலும் தென்னையுமாக இருந்தது. அன்றைக்கு அலை மட்டும் வரவில்லை, தென் அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அலை திரும்பிப் போனாலும் கடல் திரும்பிப் போகவில்லை. தினமும் ஓதம் ஏறும்போது வயலுக்குள் உப்புத் தண்ணீர் வரும், இறங்கும்போது கொஞ்சம் வடியும், மறுபடி வரும். தென்னை மரங்கள் நின்ற இடத்திலேயே செத்தன. ஓலை ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பம் நட்டது மாதிரி மொட்டையாக நின்றன. மாமாவின் நண்பர் ஒருவருக்கு அங்கே நிலம் இருந்தது. இருந்தது என்றால் பத்திரம் இப்போதும் இருக்கிறது, நிலத்தின் மேல் கடல் இருக்கிறது. ஒரு வருஷம் கழித்து இருவரும் போய்ப் பார்த்தபோது, அந்த மொட்டைத் தென்னைகளின் பொந்துகளில் எண்ணெய் மைனாக்கள் குடியேறியிருந்தனவாம். அது பொந்தில் முட்டை வைக்கிற பறவை. தனியாக வைக்காது, ஒரு கூட்டமாகச் சேர்ந்து பக்கத்துப் பக்கத்துப் பொந்துகளில் வைக்கும். வெளிர்நீல முட்டை, பழுப்புப் புள்ளி. "ஒரு தெருவே நடத்துதுடா அங்க. அவன் நிலத்துல. அவன் பார்த்துகினே நின்னான், நான் ஒண்ணும் பேசல."

பிறகு நாங்களும் ஒன்றும் பேசாமல் குடியாத்தம் போனோம்.

தாத்தா வீடு இருந்த தெருவில் இப்போது மூணு மாடி. மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அவரைக் கூர்ந்து பார்த்துவிட்டு, தாத்தாவின் பெயரைச் சொல்லி, "அவுரு புள்ளையாடா நீ? நெத்தியும் மூக்கும் அப்படியே கீதே" என்றார். மாமா பிறந்ததிலிருந்து அந்தத் தெருவுக்கு இது இரண்டாவது முறை. அந்தப் பாட்டி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தோம்.

வழியில் ஒரு பாப்பாத்தி மைனா பார்த்தோம். தவிட்டு நிற உடம்பு, தலையில் மட்டும் கறுப்பு முடி பின்னுக்கு வாரிவிட்டது மாதிரி. மாமா: தொப்பி சரி.

மூன்றாம் நாள், திங்கள். ஆரணி

இன்றைக்கு அத்தையின் நாள். மகளுக்குப் பட்டுப்புடவை. பறவை எதுவும் பார்க்கவில்லை என்றுதான் எழுத நினைத்தேன், ஆனால் ஒரு தறிக்காரர் வீட்டில் மாமாவுக்கு எண்ணெய் மைனா கிடைத்துவிட்டது.

மயில்கழுத்துப் புடவை ஒன்றைத் தறிக்காரர் விரித்துக் காட்டினார். பாவு நீலம், ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், முந்தானையைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தால் இன்னொரு நிறம். மாமா அதைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை விலை கேட்டுக்கொண்டிருந்தார். "இதான்டா. இதைக் கறுப்புல நெய்யச் சொல்லு. அதான் அதோட முதுகு."

நான் ராணிப்பேட்டையில் தோல் ஷெட்டில் பினிஷிங் பிரிவில் வேலை பார்க்கிறவன், பளபளப்பு என் சாப்பாடு. எங்களிடம் கிளேஸிங் மெஷின் என்று ஒன்று உண்டு. கண்ணாடி உருளை ஒன்று தோலை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போகும், மேல்பூச்சு இறுகிப் பளபளவென்று வரும். அது மேற்பரப்பை வழவழவென்று தேய்த்து வருகிற மினுமினுப்பு, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான். பறவையின் கதை வேறு. எண்ணெய் மைனாவின் இறகில் பச்சைச் சாயம் என்று எதுவும் இல்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் துணுக்குகள் அடுக்காக இருக்கும், மேலே நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளில் மெல்லிய படலம். வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது சில நிறங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பலமாகும், சில அடிபட்டுப் போகும். அதனால்தான் சாய்ந்து பார்த்தால் மாறுகிறது. இறகை இடித்துப் பொடியாக்கினால் கையில் நிற்பது கறுப்புப் பொடி மட்டும்தான். புடவையையும் அப்படித்தான், நூலைப் பிரித்துவிட்டால் மயில் போய்விடும், நீலம் தனி பச்சை தனி.

இதையெல்லாம் தறிக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புடவை எடுக்கறீங்களா சார்?" என்றார். எடுத்தோம்.

நான்காம் நாள், செவ்வாய். அமிர்தி

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக, ஜவ்வாது மலையின் அடிவாரத்துக்கு. அருவியில் தண்ணீர் நூல் மாதிரி. மாசி மாதம் வேறென்ன எதிர்பார்ப்பது. உயிரியல் பூங்காவைச் சுற்றிவிட்டு ஓடையோரமாக நிழலில் உட்கார்ந்தோம். ஆற்காடு மக்கன்பேடா டப்பாவை அத்தை திறந்த அரை நிமிஷத்தில் குரங்கு ஒன்று வந்து டப்பாவோடு மரத்தில் ஏறிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து, பாகை நக்கி, உள்ளே இருக்கிற முந்திரியை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மிச்சத்தைக் கீழே போட்டது. விவரமான குரங்கு.

இனிப்புப் போன துக்கத்தில் இருந்தபோதுதான் கரிச்சான் வந்தது. வழியெல்லாம் கம்பியில் பார்த்துக்கொண்டு வந்த இரட்டைவால் குருவிதான், வாலை மீன்வால் மாதிரிப் பிளந்துகொண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ந்த கிளையில் உட்கார்ந்து, பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடித்து, அதே கிளைக்கே வந்து உட்கார்ந்தது. வெயில் நேராக முதுகில்.

மாமா ஒரு வேலை செய்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி மாற்றினார். இப்படி ஏழெட்டு முறை.

"புதுக் கண்ணுல நீலம் தெரியுதுடா. பழைய கண்ணுல காக்காக் கறுப்பு."

எனக்கு முதலில் புரியவில்லை. யோசித்தால் காரணம் நேரானது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும், மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தை வடிகட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரியாது. வலது கண்ணில் பழைய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்திருக்கிறார்கள், இடது கண்ணில் பழையதே இருக்கிறது. ஒரே மனிதர் ஒரே கிளையில் இரண்டு பறவை பார்க்கிறார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு என்னவோ செய்தது. கடைசி நாலைந்து வருஷமாக எண்ணெய் மைனா மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். வண்டிப் புகையோ கட்டடத் தூசியோ காரணம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அத்தை, "ஆமா, நகராட்சிக்கு எழுதப் போறேன்னு கூட சொன்னாரு" என்றார்.

கரிச்சானின் ஒன்றுவிட்ட சகோதரன் அவர்கள் ஊர்க் காட்டில் உண்டு, துடுப்புவால் கரிச்சான். வால் நுனியில் இரண்டு நீளக் கம்பி, கம்பியின் முடிவில் கரண்டி மாதிரி இறகு. பறக்கும்போது இரண்டு வண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு போவது போல இருக்கும் என்றார் மாமா. மற்றப் பறவைகளின் குரலை அச்சாக எடுக்கும். அமிர்தியில் எங்களுக்குக் கிடைத்தது கம்பியும் கரண்டியும் இல்லாத கரிச்சான்தான். திரும்பும் வழியில் வயிறு வெள்ளையான இன்னொரு வகையும் பார்த்தோம், மாமா அதை மதிக்கவில்லை.

கரிச்சான்: பளபளப்பு சரி, ஆனால் பச்சைக்குப் பதில் நீலம். வால் தப்பு. எண்ணெய் மைனாவுக்கு வால் குட்டை, சதுரமாக வெட்டிவிட்டது மாதிரி.

ஐந்தாம் நாள், புதன். ஜவ்வாது மலை

நாலே முக்காலுக்குக் கிளம்பிவிட்டோம். மாமாவின் கடிகாரம் இன்றைக்குத்தான் உதவியது. வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று ஏறி, போளூர், கண்ணமங்கலம் வழியாக இறங்குவது திட்டம். மாமா ஊரில் எல்லாத் திசையும் கடலில் போய் முடியும். எந்த ரோட்டிலும் இவ்வளவு நேரம் நேராகப் போனதில்லை என்று நெடுஞ்சாலையில் அத்தை ஆச்சரியப்பட்டார். எனக்கு இது தோன்றியதே இல்லை.

ஆலங்காயம் தாண்டி மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ரோட்டோரம் ஓர் இலவ மரம். ஓர் இலை இல்லை, மரம் முழுக்கச் சிவப்புப் பூ. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. சந்தை நடக்கிற சத்தம். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால், மரத்தில் பூவுக்கு ஒன்று என்று சூறைக்குருவிகள். இருநூறு முந்நூறு இருக்கும். சிலர் சோளக்குருவி என்பார்கள். உடம்பு ரோஸ், தலையும் இறக்கையும் வாலும் மினுங்கும் கறுப்பு, தலையில் ஒரு குடுமி. பூவுக்குள் மூக்கை விட்டுத் தேன் குடித்துவிட்டு நிமிரும்போது நெற்றியெல்லாம் மகரந்தம், திருநீறு பூசிக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் மாதிரி. ஒன்றை ஒன்று தள்ளுகிறது, திட்டுகிறது, இடம் மாறுகிறது, திடீரென்று மொத்தக் கூட்டமும் கிளம்பி ஒரு வட்டமடித்து அதே மரத்துக்கு வந்து மறுபடி முதலிலிருந்து சண்டை.

மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"சும்மா இரு. சத்தம் அப்படியே இருக்குது."

எண்ணெய் மைனாவின் குரல் கூர்மையான விசில் மாதிரி, ஒன்று கத்தினால் உலோகத்தைத் தட்டியது போலிருக்கும். சூறைக்குருவி அப்படி விசிலடிப்பதில்லை, கரகரப்பாகப் பேசிக்கொண்டே இருக்கும். அதனால் தனித்தனியாகக் கேட்டால் ஒற்றுமை இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரு மரத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் பேச, யாரும் கேட்காமல் இருக்கிற அந்தக் குடும்ப வழக்கம் ஒன்றுதான் போல. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தானே.

இந்தக் கூட்டம் இங்கே பிறந்ததில்லை. கோடையில் மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே வேலை முடிந்ததும் ஜூலை ஆகஸ்டிலேயே இந்தியாவுக்குள் வரத் தொடங்கிவிடும். இங்கே சோளம், ஆலம்பழம், அரசம்பழம், இப்போது இலவம்பூ. ஏப்ரலில் திரும்பிவிடும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் இங்கே இருந்துவிட்டு அதற்கு நாம் விருந்தாளி என்று பெயர் வைத்திருக்கிறோம். மாமாவிடம் சொன்னேன். "நான்கூட குடியாத்தத்துக்கு விருந்தாளி, போர்ட் பிளேர்ல மெயின்லேண்டுக்காரன்" என்றார், சிரிக்காமல்.

காவலூரில் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு நடுவே தெரிந்தது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986லிருந்து இருக்கிறது. அதற்கு முன்பே, 1977இல், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். அத்தை, "இவருக்கு ரெண்டாவது கண்ணையும் இங்கேயே பண்ணிடலாமா?" என்றார்.

ஜமுனாமரத்தூரில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். சாமை இந்த மலைக்காரர்களின் அரிசி. கருவாட்டைப் பற்றி மாமா கருத்துச் சொல்லாமல் இருந்தது பெரிய மனசு. மலைத்தேன் ஒரு பாட்டில் வாங்கினோம். பீமன் மடுவு அருவிக்குப் போகலாம் என்றேன், வெயிலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை. மதியத்துக்கு மேல் பறவையும் இல்லை. ஓர் ஊதாத் தேன்சிட்டு மட்டும் கல்யாண முருங்கைப் பூவில், கட்டைவிரல் அளவு உடம்பில் நீலமும் ஊதாவும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. மாமா கையை எடுத்து ஒரு கண்ணை மூடினார், திறந்தார். இப்போது இது ஒரு பழக்கமாகிவிட்டது. கடையில் புளி வாங்கும்போதுகூட அப்படித்தான் பார்க்கிறார்.

இறங்கும்போது அலையாத்திக் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டூர் பக்கம், சிடியா டாப்பு பக்கம், ஓடத்தில் கழிக்குள் போனால் இரண்டு பக்கமும் வேர்கள் கால் ஊன்றி நிற்குமாம். ஓதம் இறங்கின நேரத்தில் சேற்றில் குமிழி விடுகிற சத்தம், நண்டுகள் ஒரு கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும், மேலே எண்ணெய் மைனாக்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அம்பு மாதிரி நேராகப் போகும். நம்மூர் மைனா மாதிரி வெள்ளைத் திட்டு காட்டிக்கொண்டு பறக்காது. முழுக் கறுப்பு, வெயிலில் திரும்பும்போது மட்டும் ஒரு பச்சை வெட்டு. கண்ணமங்கலம் வருவதற்குள் நான் பார்த்தே ஆக வேண்டிய இடங்களின் பட்டியல் நீண்டுவிட்டது. கப்பலில் வா என்கிறார். மூணு நாள் வாந்தி பற்றி ஞாபகப்படுத்தினேன்.

சூறைக்குருவி: குடும்பம் சரி, இரைச்சல் சரி, தலை சரி. ரோஸ் சட்டை தப்பு. கண்ணும் தப்பு.

ஆறாம் நாள், வியாழன். காட்பாடி ஜங்ஷன்

காலையில் கண் பார்த்தார்கள், நன்றாக ஆறியிருக்கிறது. இடது கண்ணை மழைக்காலத்துக்கு முன்னால் செய்துகொள்ளலாம் என்றார்கள். சொட்டு மருந்து இன்னும் இரண்டு வாரம். எண்ணெய் மைனா பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். பின்னால் வரிசையில் நிறையப் பேர் இருந்ததால் டாக்டர் தலையை மட்டும் ஆட்டினாராம்.

சாயங்காலம் காட்பாடியில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தோம். மூட்டையில் தேன், புளி, ஆரணிப் புடவை, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இரண்டு கிலோ. விமானத்தில் கத்தரிக்காய் எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த மரங்களில் மைனாக்கள் அடைய வந்துகொண்டிருந்தன, அறிவிப்பே கேட்காத அளவுக்குக் கத்தல்.

மாமா போனை எடுத்துப் படங்கள் காட்டினார். இத்தனை நாள் ஏன் காட்டவில்லை என்றால், படத்தில் அது வராது, நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். உண்மைதான். பப்பாளி மரத்தில் ஒன்று, வெறும் கரிக்கட்டையாக, கண் மட்டும் சிவப்புப் புள்ளி. மின்கம்பியில் நாலு, நிழல் மாதிரி. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒன்று, அதில் மட்டும் தோள்பட்டையில் பச்சை லேசாக. அதற்கடுத்த படம் போன ஜூனில் எடுத்தது. ஜன்னல் கம்பியில் ஏதோ ஒரு பழுப்புக் குருவி. நெஞ்சு முழுக்க அழுக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு கோடாக, பேனாவைச் சரிபார்க்கக் கிறுக்கின காகிதம் மாதிரி. இதென்ன தவறி வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அதோட குஞ்சுடா."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை இல்லை, எண்ணெய் இல்லை, கறுப்பே இல்லை. ஜாடையே இல்லையே மாமா என்றேன்.

"வரும்" என்றார். அதற்குள் அத்தை மூட்டையைத் தூக்கிவிட்டார், எஸ் ஏழு பெட்டி எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை, ஓடினோம்.